கடைத்தெருவுக்கு வந்த சுறா

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஆழ்கடல் சுறா ஒன்று ரொட்டிக்கடையைத் தாண்டிக் கடைத்தெருவுக்குள் நுழைந்தது.

இதைச் சொன்னது சித்தியின் கம்ப்யூட்டர். அதற்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

சித்திக்குச் சுறாக்களை ஆராய்வதுதான் வேலை. அதுவும் லேசுப்பட்ட சுறா இல்லை. வெயிலே எட்டாத ஆழத்தில் வாழ்வது. இதுவரை பதினொரு முறைதான் மனிதர் கண்ணில் பட்டிருக்கிறது. அதில் நான்கு முறை, பார்த்தவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் அப்படி ஒரு சுறாவின் துடுப்பில், கேரட் அளவுள்ள கருவி ஒன்றை மாட்டிவிட்டிருந்தார் சித்தி. சுறா எங்கே போகிறது, எவ்வளவு ஆழத்தில் போகிறது என்பதையெல்லாம் அந்தக் கருவி தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு தானாகக் கழன்று மிதந்து, தான் இருக்கும் இடத்தைக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு புள்ளியாகக் காட்டும்.

சனிக்கிழமை அது கரை ஒதுங்கியது. சித்தி ஓடிப்போய்ச் சேர்வதற்குள் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். ஞாயிறு முழுக்க நூறு வீடுகள் உள்ள ஒரு தெருவில் இருந்தது; எந்த வீடு என்று மட்டும் புள்ளி சொல்லவில்லை. சித்தி அறுபது கதவுகளைத் தட்டினார். அறுபத்தொன்றாவது வீட்டில் நாய் இருந்தது.

"பேட்டரி இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்தான். அப்புறம் இந்தப் புள்ளியும் போச்சு, ஒன்பது மாசமும் போச்சு" என்று சித்தி தலையில் கைவைத்துக்கொண்டார்.

பக்கத்தில் அவருடைய அக்கா மகள் நண்டு பால் குடித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்பு. வேலை என்றதும் பக்கவாட்டில் நழுவிவிடுவதால் வீட்டில் வைத்த பெயர் அது.

புள்ளி தபால் ஆபீஸ் வாசலில் நின்றது. நகர்ந்தது. சலூன் வாசலில் இரண்டு நிமிடம் நின்றது.

"முடி வெட்டிக்குதோ என்னவோ" என்றார் சித்தி சோகமாக.

"ஐயோ சித்தி, அது எங்க ஸ்கூல் வேன்! சலூன்காரர் பையன் தினமும் லேட்டு. அங்க ரெண்டு நிமிஷம் நின்னே ஆகணும்!"

சித்தி துள்ளி எழுந்தார். "தலைமையாசிரியைக்குப் போன் போடறேன். எல்லார் பையையும் சோதிக்கட்டும்."

"வேணாம் சித்தி. போன வருஷம் விளையாட்டு சாரோட விசில் காணாமப் போச்சு. 'யார்டா எடுத்தது?'ன்னு கேட்டாரு. இன்னிக்கு வரைக்கும் வாயாலதான் விசில் அடிக்கிறாரு. நான் கேட்டுப் பாக்கறேன்."

"நீயா? வேலையா?"

நண்டு நேராக நடந்து பள்ளிக்குப் போனாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், வேனில் வரும் பிள்ளைகள் நடுவே பெஞ்சில் ஏறி நின்றாள். "ஒரு சுறா தன்னோட டைரியைத் தொலைச்சிடுச்சு. கறுப்பா, கேரட் மாதிரி இருக்கும். யாரோ அதைப் பத்திரமா வெச்சிருக்காங்க. அவங்களுக்கு எங்க சித்தி தேங்க்ஸ் சொல்லணுமாம். டைரியை முதல்ல பார்க்கப்போறதும் அவங்கதான்."

எல்லாரும் சிரித்தார்கள். "திமிங்கலம் பென்சில் பாக்ஸைத் தொலைக்கலையா?" என்றான் சலூன்காரர் மகன்.

மணி அடித்தது. நண்டுவின் முகம் வாடிப்போனது.

பின்னாலிருந்து யாரோ பாவாடையை இழுத்தார்கள். முன்பல் இரண்டும் விழுந்த, இரண்டாம் வகுப்புச் சிறுமி.

"அக்கா, நான் திருடலை. அது மணல்ல தனியா கெடந்துச்சு. கண்ணு சிமிட்டுச்சு."

பையிலிருந்து ஒரு காலுறையை எடுத்தாள். உள்ளே, சின்ன விளக்கு மினுக்கியபடி கருவி. கூடவே பாதி பிஸ்கட். "பசிக்குமேன்னு வெச்சேன்."

கை நீட்டினால் கருவி கிடைத்துவிடும். ஆனால் சிறுமியின் கண் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. நண்டு கையைக் கட்டிக்கொண்டாள்.

"நீ எடுக்கலைன்னா அலை இழுத்துட்டுப் போயிருக்கும். நீதான் காப்பாத்தியிருக்க. சாயங்காலம் நீயே வந்து சித்திகிட்ட குடு, வர்றியா?"

சிறுமி மூக்கை உறிஞ்சிவிட்டுத் தலையாட்டினாள்.

சாயங்காலம் சிறுமி தன் அம்மாவோடு வந்தாள். சித்தி பிஸ்கட் தூளைத் துடைத்து, கருவியைக் கம்ப்யூட்டரில் இணைத்தார். திரையில் ஒரு கோடு நீண்டது. பகலில் ஆழத்துக்கு இறங்கி, இருட்டியதும் மேலே ஏறி, கடலடி மலைத்தொடரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், மறுபடி வந்த வழியே திரும்பியிருந்தது.

"இது ஒரே பள்ளத்துல கெடக்கும்னுல்ல நெனச்சிட்டிருந்தோம்!" என்றார் சித்தி.

"தினமும் ஒரே வழியிலதான் போய்ட்டு வருமா?" என்று கேட்டாள் சிறுமி. "எங்க வேன் மாதிரி?"

சித்தி இரண்டாவது முறை கோட்டைப் பார்த்தார். ஓரிடத்தில் சுறா ஒவ்வொரு முறையும் நின்றுதான் போயிருந்தது. "அட! அங்கயும் யாரோ லேட்டு போல!"

அந்த வரைபடம் இப்போது சித்தியின் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. கடலில் தொடங்கும் கோடு கரையேறி, ரொட்டிக்கடையைத் தாண்டி, சலூன் வாசலில் நின்று, இரண்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் முடிகிறது. கரைக்கு மேலே உள்ளதை அழிக்கச் சொல்லிப் பெரிய அதிகாரி மூன்று முறை கடிதம் எழுதினார்.

சித்தி அழிக்கவில்லை. அந்த இடத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு மட்டும் சேர்த்தார்: 'இங்கே நன்றாகக் கவனித்துக்கொண்டார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள்.'