புகைக்கூடத்தில் முதல் பாட்டு

ரெம்பியா ஊருக்குப் பக்கத்தில் பாழடைந்து கிடந்த பழைய ரப்பர் புகைக்கூடத்தை நாடக அரங்கமாக மாற்றியே தீருவேன் என்று தர்மேந்திரன் ஒற்றைக்காலில் நின்றான். நின்று சாதித்தும் விட்டான். கரி பிடித்த சுவர்களை அப்படியே விட்டு, மேலே விளக்குகள், கீழே நூறு நாற்காலிகள். பாட்டுச் சத்தம் வெளியே போகாதிருக்க, பழைய இரும்புக் கதவுக்குச் சுற்றிலும் ரப்பர் பட்டை. நாளை திறப்பு விழா. முதல் பாட்டு அவனுடைய ஒரே மகள் ராகினிக்கு.

கருப்பாயியைப் பற்றி மட்டும் அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தப் புகை போடக் கதவைச் சாத்துமுன் மூன்று முறை குரல் கொடுப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். உள்ளே ரப்பர் ஷீட்டு தொங்கப்போடும் பெண்கள் இருப்பார்களே! தர்மேந்திரனின் அப்பா அங்கே மண்டோர், அதாவது கங்காணி. தோட்டத்துப் பெண்களிடம் அவர் வாலாட்டுவதை, ஷீட்டு தொங்கப்போடும் கருப்பாயி துரையிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மறுநாள் அவள் உள்ளே இருப்பது தெரிந்தே, குரல் கொடுக்காமல் கதவைச் சாத்தினார். அவள் புகையில் மூச்சு முட்டிச் செத்தாள். விபத்து என்று ஊரே நம்பியது. சாகக் கிடந்தபோது மகனிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். மகனோ அதை விழுங்கிவிட்டு, அரங்கத்துக்கு அப்பா பெயரையே வைத்தான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

மாலை நான்கு மணி. ஒத்திகைக்கு ராகினி தனியாக உள்ளே போனாள். வாசலில் தர்மேந்திரன் நின்றான்; பக்கத்தில் ஒலிபெருக்கி வேலைக்கு வந்த நிவேந்திரன் வயர் சுற்றிக்கொண்டிருந்தான்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ரப்பர் பட்டையையும் மீறிப் புகை கசிந்தது. பச்சை விறகும் புளித்த ரப்பர் பாலும் கலந்த நாற்றம்.

"அங்கிள், உள்ள நெருப்பே இல்லையே! ஸ்மோக் மெஷின்கூட இன்னும் லோரியிலதான் இருக்குலா!"

தர்மேந்திரன் கதவை இழுத்தான். அது அசையவில்லை.

உள்ளே ராகினி இருமினாள்.

அந்த இருமலுக்கு நடுவே இன்னொரு குரல், கரகரவென்று.

"மண்டோர் மவனே, ஒங்கப்பன் என்னை என்ன செஞ்சான்? சத்தமா சொல்லு."

நிவேந்திரனுக்கும் அது கேட்டது. "அங்கிள், என்ன இது? சொல்லிடுங்க அங்கிள், ராகினி உள்ள இருக்கு!"

சொல்லியிருக்கலாம், ஒரே ஒரு வரி. பாழாய்ப்போன கௌரவம் விடவில்லையே! நாளைக்கு ஊரே வரும். வாசலில் அப்பா பெயர் மின்னும். பக்கத்தில் ஒருத்தன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான்.

"அது... அது ஆக்சிடென்ட்டு," என்றான்.

இருமல் நின்றது.

கதவு திறந்தது. ராகினி நடந்து வந்தாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. "ஐயோ, என் தங்கமே!" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதான். அவள் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள். பிறகு அவன் காதருகே குனிந்தாள்.

"நான் வெளிய வந்துட்டேன். ஒம்மவ உள்ள இருக்கா."

குரல் ராகினியுடையது அல்ல.

தர்மேந்திரன் அரங்கத்துக்குள் பார்த்தான். புகை இல்லை. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நூறு நாற்காலிகளும் காலியாக இருந்தன.

அந்தக் காலி அரங்கத்திலிருந்து அவன் மகள் அழுதாள்.

"அப்பா... மூச்சு முட்டுதுப்பா..."