தொடர்கிறது என்றொரு பொய்

வானொலியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பாடுகிறவரின் குரல் மட்டும் இல்லை. தாளம் இருந்தது, கித்தார் இருந்தது, இரண்டு வரிகளுக்கு நடுவே அந்த ஆள் மூச்சு இழுப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது. இழுத்த மூச்சுக்குப் பின்னால் வரவேண்டிய சொல்தான் வரவில்லை. எர்மீன் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கிக் கொஞ்ச நேரம் கவனித்தாள். தகரக் கூரையில் ஆகஸ்ட் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கேமரூனின் துவாலாவில் இந்த மாதம் வானொலி ஒழுங்காகக் கேட்டால்தான் அதிசயம். எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்றரை. தேவாலயத்திலிருந்து வந்த மம்மா சமையலறையில் கசப்புக்கீரையைப் பிழிந்து பிழிந்து கழுவிக்கொண்டிருந்தாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்து வெங்காயம் விழுந்த வாசனை கூடம்வரை வந்தது. அப்போதுதான் தலைநகர் யாவுந்தேயிலிருந்து வில்ஃப்ரீத் கைபேசியில் கூப்பிட்டான். மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளை பிரெஞ்சுக்கு மாற்றி இணையத்தில் போடும் அவர்கள் குழுவுக்கு அவன்தான் தலை.

“என்ன எர்மீனு, உசிரோட இருக்கியா? இல்ல உன்னையும் ‘நின்னுபோச்சு’ன்னு பட்டியல்ல போட்டுடவா?”

“போடுங்கண்ணே. நிம்மதியாத் தூங்குவேன்.”

“வெளையாடாத. ஆறு மாசமா ஒண்ணும் வராத தொடருக்கெல்லாம் இன்னைக்கு ஆறு மணிக்கு ‘நிறுத்தம்’னு சாம்பல் பட்டை மாட்டுறேன். உன் ‘பனி அஞ்சல்காரி’ இருபத்திரண்டு மாசமா பச்சப் பட்டையோட ‘தொடர்கிறது, தொடர்கிறது’ன்னு நிக்குது. பாக்குறவன் சிரிக்கிறான்.”

“கடைசி அத்தியாயம்ணே. கொஞ்சந்தான் பாக்கி. அடுத்த மாசம்...”

“எத்தன அடுத்த மாசம்? உனக்கு வெக்கமாவே இல்லையா? டாக்கர்ல ஒரு குழு கேக்குது. நல்ல பசங்க. நீங்க நிறுத்தம்னு போடுங்க, மூலப் பக்கத்தக் குடுங்க, நாங்க முடிச்சுக்கறோம்ங்கறாங்க. ஆறு மணிக்குள்ள வேலைய அனுப்பு, இல்ல மூலத்த அனுப்பு. அவ்ளோதான்.”

வெட்கமாக இல்லையா என்று கேட்டுவிட்டு அவன் வைத்துவிட்டான். வெட்கத்தைத் தவிர அவளிடம் வேறு என்ன இருந்தது?

இந்தக் குழுக்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் கையில் ‘தொடர்கிறது’ என்று இருக்கும்வரை இன்னொருவர் அந்தக் கதையைத் தொடமாட்டார். நிறுத்தம் என்று போட்ட மறுநாளே யாராவது வந்து கேட்பார்கள். கேட்டவருக்கு மூலப் பக்கங்களைக் கொடுத்துவிட வேண்டும். எர்மீனிடம் கொடுக்க மூலம் இல்லை. அது யாருக்கும் தெரியாது.

அவள் வேலை துடைப்பது. பேச்சுக் குமிழிகளுக்குள் இருக்கும் ஜப்பானிய எழுத்தை அழித்து, பிரெஞ்சு எழுத்துக்கு இடம் செய்து தருவது. எர்மீன் துடைத்தால் அங்கே எழுத்து இருந்த தடமே தெரியாது என்று குழுவில் பேர். ஒசாகாவில் ஒரு பெண், எப்போதோ நின்றுபோன பத்திரிகையிலிருந்து கடைசி அத்தியாயத்தைக் கிழித்து, ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு, காகிதத்தைப் பழைய காகிதத்தோடு போட்டுவிட்டாள். அது புத்தகமாக வந்ததே இல்லை. எர்மீன் முப்பத்தோரு பக்கங்களையும் ஒரே மூச்சில் துடைத்தாள். மொழிபெயர்ப்பவன் இன்னும் ஒரு வரி படித்திருக்கவில்லை. பழையதன் மேலேயே சேமிக்கவா என்று கணினி கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். உலகத்தில் இருந்த ஒரே பிரதி அதுதான்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் வில்ஃப்ரீத் அரை மணி நேரம் திட்டியிருப்பான், ஒரு வாரம் கிண்டலடித்திருப்பான், அதோடு போயிருக்கும். அன்றைக்கு அவள் “வேலை நடக்குது” என்று எழுதினாள். அப்புறம் “விரைவில் வரும்” என்று எழுதினாள். வடக்கே காருவாவிலிருந்து அஸ்தாஜம் என்ற வாசகி ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று அந்தத் தொடரின் பக்கத்தில் கீழே ஒரே மாதிரி எழுதுவாள்: “அவசரமில்லை. காத்திருக்கிறேன். உங்கள் உழைப்புக்கு நன்றி.” வேறு யாராவது கெட்ட வார்த்தையில் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த நன்றியைப் படிக்கும்போதெல்லாம் எர்மீனுக்கு முகம் எரியும், காது எரியும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து “விரைவில்” என்று தட்டுவாள்.

இன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று, பல மாதமாகத் திறக்காத அந்தக் கோப்புறையைத் திறந்தாள்.

பனி. மலைக் கிராமம். பை சுமந்து நடக்கும் அஞ்சல்காரி. வீட்டு வாசல்களில் கிழவர், கடைக்காரி, ஒரு குழந்தை. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் வெள்ளையாக, வழவழப்பாக, காலியாக ஒரு குமிழி. எவ்வளவு அழகாகத் துடைத்திருக்கிறாள்! அஞ்சல்காரி கதவைத் தட்டி ஏதோ சொல்கிறாள். உள்ளேயிருப்பவள் அழுதுகொண்டே ஏதோ சொல்கிறாள். இந்தக் கதையில் எல்லாரும் கடைசியாக என்னதான் பேசிக்கொண்டார்கள் என்று இனி உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அவளுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அழிக்கும்போது படமாகத்தான் பார்த்தாள், ஒரு கோடுகூட நினைவில்லை.

ஏழாம் பக்கத்தில் நின்றாள். குழந்தையின் வாய் இவ்வளவு பெரிதாகவா திறந்திருந்தது? கிழவரின் வாயும். கடைக்காரியின் கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது. மெதுவாகப் பேசிக்கொண்டிருந்த ஆட்கள்தானே இவர்கள். இப்போது காது கேளாதவரைக் கூப்பிடுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார்கள், பக்கத்துக்குப் பக்கம் இன்னும் அகலமாக.

சமையலறையிலிருந்து மம்மா எட்டிப் பார்த்தாள். கையில் கரண்டி. எர்மீனைப் பார்த்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டும் சத்தம் கேட்டது.

“என்ன மம்மா? மழையில ஒண்ணும் கேக்கல.”

மம்மா மறுபடி சொன்னாள். உதடு, பல், நாக்கு எல்லாம் அசைந்தது. பிறகு எப்போதும்போலக் கையை உதறி, உனக்குச் சொல்லி என்ன பிரயோசனம் என்கிற முகத்தோடு உள்ளே போய்விட்டாள்.

எர்மீன் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். மழைதான். மழைதான் என்று சொல்லிக்கொண்டாள்.

வில்ஃப்ரீதிடமிருந்து குரல்பதிவு வந்தது. நாற்பது விநாடி. காதில் வைத்துக் கேட்டாள். மோட்டார்பைக் ஹாரன் கேட்டது, நாற்காலி கிறீச்சிட்டது, அவன் எச்சில் விழுங்குவது கேட்டது. சொல் இல்லை. “எழுதி அனுப்புங்கண்ணே” என்று தட்டினாள். உடனே பதில் வந்தது. திரையில் ஒரு வெள்ளைக் குமிழி. உள்ளே ஒன்றுமில்லை. கீழே இன்னொன்று. இன்னொன்று. எல்லாம் சுத்தமாகத் துடைத்தது போல.

அவளுக்கு அந்தத் துடைப்பு யாருடையது என்று தெரிந்தது. தன் கைவேலை தனக்குத் தெரியாதா?

வெங்காய வாசனை கருக ஆரம்பித்திருந்தது. அவள் அதைக் கவனித்தாள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். முதலில் இதை முடிக்கவேண்டும். சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். வில்ஃப்ரீதைக் கூப்பிட்டாள். எடுத்தான், அவன் மூச்சு கேட்டது.

“அண்ணே, மூலம் எங்கிட்ட இல்ல, நான்தான் அழிச்சேன்” என்றாள்.

சொன்னாள். தொண்டை அதிர்ந்தது. நாக்கு பல்லில் பட்டது. காதில் மழை மட்டும்.

கத்தினாள். நான்தான் அழிச்சேன். மழை.

தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது, அதற்கும் சத்தமில்லை. பயத்தில், பழகிப்போன வாய் பழகிப்போன வார்த்தைக்குப் போனது.

“விரைவில் வரும்.”

கேட்டது. கூடம் முழுக்கக் கேட்டது. மணி அடித்த மாதிரி, மரியாதையாக, இனிமையாக.

மறுமுனையில் வில்ஃப்ரீதின் குரலும் கேட்டது. “சரி. வெய்ட் பண்றோம்.”

கருகல் இப்போது புகையாக வந்தது.

“மம்மா?” வாய் மட்டும் அசைந்தது.

ஓடினாள். சமையலறை. ஈரத் தரை. கவிழ்ந்த சட்டி. மம்மா தரையில் கிடந்தாள், இடுப்புக்குக் கீழே முழுக்க எண்ணெய், தோல் வெள்ளையாகச் சுருண்டிருந்தது. வாய் அகலமாகத் திறந்திருந்தது. கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது. எவ்வளவு நேரமாக? அவள் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க. சிமெண்டில் மம்மாவின் உள்ளங்கை அடித்துக்கொண்டிருந்தது. தப். தப்.

கைபேசியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் மதாம் எபோக்கா தன் மருமகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். எர்மீன் தண்ணீரில் இறங்கி ஓடினாள். மம்மா எரிஞ்சுட்டா, தூக்குங்க, வண்டி கூப்பிடுங்க. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“விரைவில் வரும்!” என்றது அவள் குரல். “பொறுமைக்கு நன்றி!”

எல்லாரும் திரும்பினார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

மதாம் எபோக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். வீட்டைக் காட்டினாள். திறந்த கதவு வழியே தெரிந்தது அந்தக் கை. உயர்ந்தது. விழுந்தது. உயர்ந்தது. மதாம் எபோக்கா அந்தப் பக்கம் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், இவள் கன்னத்து ஈரத்தைப் பரிவாகத் துடைத்துவிட்டாள்.

“அவசரமில்ல மா. நாங்க காத்திருக்கோம்.”

நகர்ந்து இவளுக்கும் இடம் விட்டாள். ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள், மடியில் கை வைத்து, எர்மீனின் வாயைப் பார்த்தபடி. வீட்டுக்குள் கை ஒருமுறை உயர்ந்து நின்றது. எர்மீன் வாயைத் திறந்தாள்.

“வரும்” என்றாள். “வரும், வரும், வரும்.”

அவர்கள் தலையாட்டினார்கள்.