வலது சீட்

பெட்ரோல் போடுகிறவர் வலப்பக்கக் கண்ணாடிக்குள் குனிந்து ஏதோ கேட்டுவிட்டு, காரைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தார்.

"சாரு பாதி டேங்க் போதும்ன்றாரு. நீங்க ஃபுல்லுன்றீங்க. யாரு பேச்ச கேக்குறது மேடம்?"

வலது சீட்டில் ரத்தினபாயின் கைப்பை மட்டும் இருந்தது.

"ஓட்டறவ பேச்ச கேளுங்க," என்றாள்.

கணவர் ஏசுதாசன் துபாயிலிருந்து கப்பலில் இறக்கிய அறுபத்தொன்பதாம் வருஷத்து மஸ்டாங் கார் அது. ஸ்டியரிங் இடப்பக்கம். டிரைவரை வலப்பக்கமே தேடிப் பழகிய தாம்பரம், காலி சீட்டுக்கும் வணக்கம் வைக்கும். ஆனால் காலி சீட் பதில் சொன்னதாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஓட்டுவது எப்போதும் அவள்தான். முன்னால் லாரி போனால் அவளுக்கு எதிர்ப்பக்கம் தெரியாது. வலப்பக்கமிருந்து எட்டிப் பார்த்துச் சொல்வது ஏசுதாசன். "போலாம் ரத்னா." அந்தச் சொல் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. போன மழைக்காலத்தில் அதே சீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

"வித்துடுங்க அண்ணி," என்றான் கொழுந்தன் ஜோஸ்வின். "பக்கத்துல ஆள் இல்லாம அத ஓட்ட முடியாது."

"புருஷன் போனா காரும் போகணும்னு எந்த வேதத்துல எழுதியிருக்கு? தனியா ஒரகடம் போய்ட்டு வரேன். முடியலன்னா நீயே வித்துக்கோ."

வழியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஒரகடம்வரை போய்விட்டாள். திரும்பி சிங்கப்பெருமாள் கோவிலை நோக்கி வரும்போதுதான் பொழுது சாய்ந்து, மழையும் பிடித்துக்கொண்டது. தடுப்புச் சுவர் இல்லாத ஒடுக்கமான சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி வழியை அடைத்தபடி ஊர்ந்தது; வைப்பர்களின் கிறீச்சொலிக்கும் எஞ்சினின் உறுமலுக்கும் நடுவே, வெகுநாள் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தாற்போல் ஒரு புழுக்க வாடை வலப்பக்கமிருந்து மெல்லப் பரவியது. சீட்டின் ஸ்பிரிங் முனகியது. பாரம் ஏறுகிற முனகல். கைப்பை நழுவிக் கீழே விழுந்தது.

அவள் திரும்பவில்லை.

"போலாம்."

அது ஏசுதாசனின் குரல் அல்ல.

"எம் பேரு தெரியாதவன் பேச்ச கேக்க மாட்டேன்," என்றாள். கை ஸ்டியரிங்கை விடவில்லை.

"போலாம். போ."

எதிரே ஒரு பஸ் சீறிக்கொண்டு கடந்தது. முந்தியிருந்தால் அதன் அடியில் கிடந்திருப்பாள்.

"பாத்தியா? லாரிக்குப் பின்னாலயே ஊர்ந்துகிட்டு வீட்டுக்குப் போவேன். காரு என்னுது. நீ எறங்கு."

ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

அப்போது வலப்பக்கக் கண்ணாடியை இறக்கும் கைப்பிடி சுழன்றது. தானாக. நிதானமாக. சாரல் உள்ளே அடித்தது.

பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு மாருதி வேன் தெரிந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. ஒருத்தி குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

லாரிக்கு அப்பால், நனைந்த புளியமரங்களின் மேல் எதிர்வண்டியின் வெளிச்சம் ஏறியது. பெரியது. வேகமானது.

ரத்தினபாய் ஹார்னை அழுத்தினாள். இடது ஜன்னல் வழியே கையை நீட்டி, வராதே, வராதே என்று ஆட்டினாள். அந்தப் பக்கம் யார் பார்ப்பார்கள்?

வலது ஜன்னலுக்கு வெளியே வெளிறிய கை ஒன்று முழங்கைவரை நீண்டிருந்தது. முந்திக்கொள் என்று, மரியாதை தெரிந்த டிரைவரைப் போல, முன்னும் பின்னும் அசைந்தது.

வேன் இண்டிகேட்டரைப் போட்டு, வலப்பக்கம் ஒடித்தது.