துடைத்தெடுத்த மைப்புள்ளி

"மார்ச் பதினொன்று, புதன்கிழமை. பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய ஸ்கேனுக்கு இந்தப் பெண் என் அக்காவை நாற்பது நிமிடம் வருத்தினார். காரணம் கேட்டேன், பதில் சொல்லவில்லை."

வார்டின் புகார்ப் புத்தகத்தில் இவ்வாறு எழுதிக் கையெழுத்திட்டான், நோயாளியின் தம்பியான நில அளவையாளன். புற்றுநோய்க்காக அக்காவின் மார்பை அகற்றி, அவள் வயிற்றுச் சதையையே எடுத்து அங்கே வைத்துத் தைத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. நூல் போன்ற இரத்தக்குழாய்களே அந்தச் சதைக்கு உயிர். ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் அது கருகிவிடும். அந்த ஓட்டத்தைப் பார்க்கவே ஸ்கேன் எடுக்கும் அந்தப் பெண் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

மீண்டும் வந்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்... மழைக்கு முந்தைய வானம்போல் இருண்டு, ஆனால் கலங்காமல்.

"புகாரைப் படிச்சேன். கையெழுத்து நல்லா இருக்கு," என்றாள். "கொஞ்சம் வெளியில நில்லுங்க."

கோபப்படலாம் என்று நினைத்தான். முடியவில்லை.

மறைப்புத் துணிக்கு வெளியே நின்றான். இரத்தம் ஓடும் ஒலி கருவியில் கேட்டது... பிறகு அவள் தொலைபேசியில் பேசும் குரல். உள்ளே போகும் ஓட்டம் சரியாக இருக்கிறது, வெளியேறும் ஓட்டம் மெலிந்துவிட்டது, உடனே வாருங்கள் என்றாள். மருத்துவர் ஓடிவந்து, இறுகியிருந்த இரண்டு தையல்களைத் தளர்த்தினார்.

ஒரு நிமிடம்... இரண்டு... ஐந்து...

"திரையில நீலம் திரும்பிடுச்சு, ரத்தம் வெளியேறுது," என்ற அவள் குரலில்தான் அவன் மூச்சும் திரும்பியது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சதையை இழந்திருப்போம் என்று சொல்லிவிட்டு மருத்துவர் சென்றார்.

அவளும் போன பிறகு அக்கா அவனை அருகே அழைத்தாள்.

"டேய், காலையில ஏன் நாற்பது நிமிஷம் ஆச்சு தெரியுமா? ரத்தக்குழாய் இருக்கிற இடத்துல டாக்டர் மையால புள்ளி வச்சிருந்தார். அம்மா அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சுட்டாங்க. பாவம், அந்தப் பொண்ணு தேடித் தேடிக் கண்டுபிடிச்சா. தெரிஞ்சா அம்மா உடைஞ்சுபோயிடுவாங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னா. நீ எழுதிக் கிழிச்சுட்ட."

எல்லைக்கல் பெயர்ந்த நிலத்தை முதலிலிருந்து அளப்பது எத்தனை பாடு என்பதை அவனைவிட யார் அறிவார்? தலைமைச் செவிலியோ, புகாரைக் கண்டு அவளை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டிருந்தார். எழுதியதைத் திரும்பப் பெறுவதா என்று தன்மானம் ஒரு கணம் காலைப் பிடித்தது. உதறிவிட்டுப் போனான். புகாருக்கு அடியில், "மைப்புள்ளியை அழித்தது எங்கள் வீட்டார். பொறுப்பு என்னுடையது. இவர் இல்லாவிட்டால் அக்காவின் மார்பு இல்லை," என்று எழுதினான். மாற்றம் ரத்தாயிற்று.

அடுத்த நான்கு நாளும் ஓட்டம் சீராக இருந்தது. ஐந்தாம் நாள் மாலை, படிக்கட்டுச் சன்னலில் மழை வழிய, முகக்கவசம் இல்லாமல் அவள் நின்றாள்.

"துடைச்சது யாருன்னு எழுதலையே?"

"நீங்களே காட்டிக்கொடுக்கலை. நான் எப்படி எழுதுவேன்?"

அவள் கண்கள் தாழ்ந்தன... மனதில் இருப்பதைச் சொல்ல அவன் ஓரடி நெருங்கினான். மறுத்துவிட்டால்? சிரித்துவிட்டால்?

"நாளைக்கு அக்காவை வீட்டுக்கு அனுப்புறாங்க," என்றான். "நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை நீங்க வருவீங்கன்னு கடிகாரத்தையே பார்த்துட்டிருந்தேன். அக்காவுக்காகன்னு நினைச்சேன்... இல்லைங்க. உங்களுக்காகத்தான்."

அவள் சன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியை விரலால் துடைத்தாள்.

"எனக்கும் நாளைக்குக் கடிகாரம் ஓடாதுன்னுதான் தோணுது," என்றாள், சன்னலைப் பார்த்தபடி.

வாசகரே, உம் நெஞ்சிலும் ஒருவரிடம் சொல்லாத சொல் ஒன்று உண்டு, மறுக்காதீர். நாளை என்று தள்ளாமல், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு எழுந்து போய், இப்போதே அதைச் சொல்லும்.