அசையாத பூச்சியம்

திங்கட்கிழமை, காலை 6.00.

மயிலிட்டித் துறைமுகத்துக் குளிர் அறையின் கதவைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது நாற்றம். அடுத்து வந்தது பெர்னடெட்டின் குரல். உள்ளே அறுநூற்று நாற்பது கிலோ கணவாய் பழுதாகிக் கிடந்தது. அதில் மூன்றிலொரு பங்கு அவளுடைய இரண்டு படகுகளும் பிடித்தது. அவள் ஐந்து நிமிடம் திட்டியதை அச்சில் போட்டால் தாள் கருகிவிடும்.

6.05. அங்கே நின்ற எல்லோருடைய கைப்பேசிகளும் ஒன்றாக அலறின. 'அபாயம். குளிர் அறையில் வெப்பநிலை 24 பாகை.'

"ஊரெல்லாம் மணந்த பிறகு மணியடிக்குது!" என்று மீனவர் சங்கத் தலைவர் பேதுரு கையிலிருந்த திறப்புக் கொத்தைத் தரையில் எறிந்தார். "உந்த ஓசிப் பெட்டியை ஆர் பூட்டச் சொன்னது?"

குளிர் இயந்திரத்தின் மின் ஆளி விழுந்து, இயந்திரம் நின்றிருந்தது. மின்சாரம் ஏறி இறங்கினால் அது விழுவது வழமை. விழுந்து அறை சூடேறினால் கத்துவதற்குத்தான் கதவுக்கு வெளியே அந்த வெப்பமானிப் பெட்டியைப் பொருத்தியிருந்தார்கள்.

6.20. இதேமாதிரிப் பெட்டிகளை விற்கும் கொழும்புக் கம்பனி ஒன்றின் ஏஜென்ற் மயூரதன், யாழ்ப்பாண நகரிலிருந்து முக்கால் மணி நேர ஓட்டத்தை எப்படியோ முடித்து வந்து சேர்ந்தான். கையில் புதுப் பெட்டிகளுக்கான ஒப்பந்தம் இருந்தது. அன்றைய திகதியும் தட்டச்சாகியிருந்தது.

காலை 8.30.

காப்புறுதி நட்டமதிப்பீட்டாளர் உதயகலா வந்தாள். பெரியகடையில் சீலை விற்ற குடும்பம். சீலையை விரித்துக் காட்டாத கடைக்காரனிடம் ஊசி நூல்கூட வாங்காதே என்பது அவள் வீட்டுச் சட்டம்.

அவளை முதலில் பிடித்துக்கொண்டவள் பெட்டியைச் செய்த நிவேதனா. அழப் போகிறவள் போலல்ல, யாரையாவது அடிக்கப் போகிறவள் போல நின்றாள்.

"பதினொரு மணிக்குக் கூட்டம் அக்கா. என்ரை பெட்டியளை எல்லாம் கழட்டப் போகினம். கூல் றூமிலை இருக்கிறதை மட்டும் எண்டால் பரவாயில்லை. இருபத்திமூண்டு படகிலை ஆபத்து பட்டன் பூட்டியிருக்கிறன். அதையும் கழட்டினால் பின்னேரம் கடலுக்குப் போற சனம் ஆரைக் கூப்பிடும்?"

"உள்ளுக்கை என்ன ஓடுது?"

"ஒரு இயங்குதளம். போனிலை இருக்கிற மாதிரி, ஆனால் தீப்பெட்டி அளவு மின்சில்லுக்கை அடங்கும். எந்த வேலையை எந்த நொடியிலை செய்யவேணுமோ அந்த நொடியிலை செய்யும். உலகம் முழுக்க எத்தினையோ பேர் சேர்ந்து எழுதி, ஆரும் வாசிக்கலாம், மாத்தலாம் எண்டு திறந்து விட்டது."

"இலவசம்தானே மிஸ்," என்று மயூரதன் சிரித்தான். "இலவசச் சாமான் உறைஞ்சு போச்சு. சனி பின்னேரத்திலையிருந்து ஒரே பூச்சியத்தைக் காட்டிக்கொண்டு நிண்டிருக்கு."

"உங்கடை பெட்டியைத் திறந்து பார்க்கலாமோ?"

"அது கம்பனி இரகசியம்."

"திறந்து காட்டாத பெட்டியிலை நான் மாம்பழமும் வாங்கமாட்டன், தம்பி. தள்ளி நில்லும்."

காலை 9.15.

குளிர் அறைப் பூட்டுக்கு இரண்டு திறப்புகள். ஒன்று பேதுருவிடம், மற்றது காவலாளி றெஜியிடம். றெஜி காவலுக்கு வருமுன் பத்து வருடம் இதே துறையில் ஐஸ் அடித்து, ரெஜிபோம் எனும் வெள்ளை நுரைப் பெட்டிகளில் மீன் பொதி செய்தவன்.

"கடைசியாய் எப்ப பூட்டினீர்?"

"சனி மத்தியானம். கணவாய் முழுக்க ஏத்தினாப் பிறகு."

"பிறகு?"

"திறக்கேல்லை மிஸ். ஞாயிறு தொழிலில்லை. விடிய ஆறு மணிக்கு எல்லாரோடையும்தான் திறந்தது."

"ஞாயிறு காலமை?"

"ஏழு மணிப் பூசையிலை நிண்டனான். கடைசி வாங்கிலை குந்தியிருந்தனான்."

"நீங்கள், பேதுரு அண்ணை?"

"நான் வாசகம் வாசிச்சனான். கோயிலிலை இருந்த முழுப்பேரும் சாட்சி. என்னையே விசாரிக்கிறியள்?"

"உங்களைக் கழிச்சு விடத்தான் கேட்டனான், அண்ணை. கோவிக்காதேங்கோ."

உதயகலா மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். வெளியே இருந்த பெட்டியிலிருந்து சுவர்த் துளை வழியாக ஒரு நீள வயர் வந்தது. அதன் முனையில் சின்னவிரல் அளவு உலோக உணரி ஆணியில் தொங்கியது. கீழே ஒரு மூலையில் வெறும் ரெஜிபோம் பெட்டி ஒன்று கிடந்தது. அடியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். தொட்டாள். குளிர்ந்தது.

காலை 9.50.

நிவேதனா கணினியைத் திறந்து பதிவுகளைக் காட்டினாள். சனி பின்னேரம் 4.40 வரை வெப்பநிலை ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே ஏறி இறங்கியது. இயந்திரம் ஓடும்போது இறங்கும், ஓயும்போது ஏறும். 4.40க்குப் பிறகு பூச்சியம். பூச்சியம் தசம் ஒன்று. மறுபடி பூச்சியம். திங்கள் 5.47 வரை அப்படியே. 5.50க்கு இருபத்திரண்டு.

"அஞ்சு ஐம்பதுக்கே ஏறீற்றுதே. ஏன் ஆறு அஞ்சுக்குக் கத்தினது?"

"கதவைத் திறக்கிற நேரமெல்லாம் கத்தக்கூடாது எண்டு கால் மணித்தியாலம் பொறுக்கச் சொல்லியிருக்கிறன்."

"உறைஞ்சு போயிருக்குமோ?"

"ஒரு வேலை நிண்டால் அது தானாய் மறுபடி தொடங்கும், தொடங்கினதையும் எழுதி வைக்கும். அப்பிடி ஒரு வரியும் இல்லை. காலமை நாலு தரம் சொன்னன். ஆர் கேட்டது? பொம்பிளைப் பிள்ளை, ஓசிச் சாமான்!"

"வேறை என்ன எழுதுது?"

"கதவு. காந்தம் வைச்சிருக்கு. திறக்கிற நேரமெல்லாம் ஒரு வரி விழும். அது போனுக்கு வராது, இதுக்குள்ளைதான் கிடக்கும். ஏன்?"

உதயகலா அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். இரண்டு தரம் பார்த்தாள். பிறகு, விலை படிந்த வியாபாரிபோல, எழுந்து கையை உதறினாள்.

காலை 11.00.

சங்க மண்டபம் கொதித்தது. பேதுரு பேனாவைத் திறந்துவிட்டார். மயூரதன் தாளை நீட்டினான்.

"பேனாவை மூடுங்கோ, அண்ணை," என்றாள் உதயகலா. "ஆளி தானாய் விழேல்லை. விழுத்தினது றெஜி."

றெஜி எழும்பினான். "என்ன விசர்க் கதை? பெட்டி பழுது எண்டு எல்லாரும் சொல்லுகினம்!"

"இரும். பெர்னடெட் அக்கா, இந்த வெக்கையிலை முப்பத்தேழு மணித்தியாலம் பூச்சியத்திலையே அசையாமல் நிக்கிற சாமான் எது?"

பெர்னடெட்டுக்கு யோசிக்கத் தேவை இருக்கவில்லை. "உருகிற ஐஸ். அது முடியுமட்டும் ஏறாது." சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே விளங்கியது. தலை மெல்லத் திரும்பியது.

"ஓம். அந்த வயர் முனையைக் கழட்டி ரெஜிபோம் பெட்டியிலை ஐஸுக்கை புதைச்சிருக்கு. அறை வெந்தது, முனை மட்டும் குளிர்ந்து கிடந்தது. பெட்டி பொய் சொல்லேல்லை. அதுக்குக் கொடுத்த ஐஸைத்தான் அளந்தது. அறை நிறையக் கணவாய் மூண்டு நிமிசத்திலை பூச்சியத்திலையிருந்து இருபத்திரண்டுக்கு ஏறுமோ? ஏறாது. ஐஸுக்கையிருந்து எடுத்துத் தொங்கவிட்ட சின்னவிரல் அளவு இரும்புதான் ஏறும்."

"அது ஆரும் செய்திருக்கலாம்!"

"கதவு நாலு தரம் திறந்திருக்கு. சனி 4.38. திங்கள் 5.47. பிறகு எல்லாரும் வந்த ஆறு மணி. ஆனால் உம்மைப் பிடிச்சுத் தந்தது மற்றது. ஞாயிறு காலமை 7.16. பேதுரு அண்ணை அந்த நேரம் பீடத்திலை. மிச்சம் ஒரு திறப்பு. ஏன் போனீர், றெஜி? நல்லாய்ப் பொதி செய்த பெட்டி திங்கள் வரைக்கும் தாங்கும். உமக்கும் தெரியும். ஆனால் பத்து வருசம் ஐஸ் அடிச்ச கை. இறங்கின ஐஸை நிரப்பாமல் ஒரு நாள் விட உம்மாலை ஏலாது. வேறை எவனும் எண்டால் விட்டிருப்பான்."

றெஜியின் கண்கள் மயூரதனைத் தேடின. "யாழ்ப்பாணக் கிளைக்கு மனேஜர் வேலை எண்டு இவர்தான்..."

"ஆறு இருபதுக்கே ஒப்பந்தத்தோடை வந்தவர்," என்றாள் உதயகலா. "நாற்றம் நகரம் வரைக்கும் போகமுன்னம் வெளிக்கிட்டிருக்கிறார்."

மயூரதன் வாசலுக்கு நகர்ந்தான். வாசலில் பெர்னடெட்டின் படகுக்காரர் நால்வர் நின்றார்கள். அவன் திரும்பி வந்து, பொலிஸ் வரும்வரை மரியாதையாகக் கதிரையில் இருந்தான்.

றெஜி முணுமுணுத்தான். "போனிலை கதவு வாறேல்லையே. கதவைப் பதியுது எண்டு ஆரும் சொல்லேல்லை."

நிவேதனா அவன் முன்னால் போய் நின்றாள். "நான் எழுதினது முழுக்க ஒரு வருசமாய் எல்லாரும் பாக்கத் திறந்துதான் கிடக்குது. நீ பாக்கேல்லை. உன்னை ஏவின இவரும் பாக்கேல்லை. காசில்லாமல் கிடந்ததாலை ரெண்டு பேரும் குனிஞ்சும் பாக்கேல்லை."

பேதுரு தொண்டையைச் செருமினார். "சரி பிள்ளை. படகிலை இருக்கிறதுகள் இருக்கட்டும்."

"இருக்கட்டும் எண்டு பிச்சை போடாதேங்கோ!" அவள் அவர் பக்கம் திரும்பினாள். "காலமை இந்தச் சங்கத்திலை ஒருத்தருக்காவது அதை வாசிக்கத் தெரிஞ்சிருந்தால், ஆறு பத்துக்கே இவனைப் பிடிச்சிருப்பியள். நான் ஒருத்தி மட்டும் வாசிக்கிற வரைக்கும் அதுவும் பூட்டின பெட்டிதான். ரெண்டு பேரைத் தாங்கோ. பழக்கிறன். இல்லாட்டி இண்டைக்கே நானே கழட்டுறன்."

ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவருக்கு வலை வேலை. இன்னொருவருக்குக் கண் தெரியாது. மூன்றாமவர் கூரையை ஆராய்ந்தார்.

பெர்னடெட் நாற்றமடித்த கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

"நான் எட்டாம் வகுப்போடை நிண்டனான். அந்தப் படிப்புக் காணுமோ?"

"தாராளமாய்க் காணும், அக்கா."

"அப்ப கதிரையை இழு. படகு மூண்டு மணிக்குத்தான் வெளிக்கிடும்."