ஓடும் பஸ்ஸில் இருபத்து மூன்று கிலோ லீக்ஸ்

டிங்!

கெவினின் லேப்டொப் அலறியது.

ஓடர் வந்திருக்கிறது. கெவின் எட்டிப் பார்த்தான். வாய்க்குப் போன பணிஸ் பாதி வழியில் நின்றது.

"றொஷேல்... டொக்டர் நிவேதிகா ஒரு கிலோ லீக்ஸ் கேக்குறாங்க."

"கேக்கட்டுமே. நம்ம முதல் கஸ்டமரே அவங்கதான்."

"கேட்டது அவங்களோட பழைய போன்ல இருந்து. களவு போச்சே... அந்தப் போன்."

றொஷேல் நாற்காலியோடு சுழன்றாள்.

பதுளை பஸாரில், ஒரு பார்மசிக்கு மேலே ஒன்றரை அறை. 'சட்டுன்னு' செயலியின் தலைமையகம் அதுதான். சாப்பிடவே நேரமில்லாத டொக்டர்கள், வங்கி மேனேஜர்கள், டீச்சர்கள்... இவர்களின் வாசலுக்கு லீக்ஸ், கரட் போன்ற வெலிமடை மரக்கறிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செயலி. திரையை வரைந்தவள் றொஷேல். உள்ளே கோட் எழுதியவன் கெவின். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தவன் றோய்.

அந்த றோய் நேற்றிலிருந்து பொலிஸ் கூண்டில் இருக்கிறான்.

திங்கட்கிழமை அவன் டொக்டர் வீட்டுக்குக் கரட் கொண்டுபோனான். அவன் போன கையோடு டொக்டரின் போனையும் காணோம். இன்று வியாழன். பகல் இரண்டு மணிக்குக் கோர்ட். ரிமாண்ட் என்று சொல்லிவிட்டால் பதினாலு நாள்!

வருகிற ஞாயிறு மாதா கோயிலில் றோய்க்கும் றொஷேலுக்கும் மூன்றாவது கல்யாண ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். அதற்கடுத்த சனிக்கிழமை தாலி. பெண் ரெடி. சேலை ரெடி. மாப்பிள்ளைதான் கம்பிக்குப் பின்னால்.

றொஷேல் டொக்டரை அழைத்தாள்.

"தங்கச்சி, நான் வார்ட்டில நிக்கிறன். கெதியாச் சொல்லுங்கோ."

"டொக்டர், இப்ப லீக்ஸ் ஓடர் பண்ணினீங்களா?"

"இல்லையே. அந்தப் போன்தான் களவு போட்டுதே."

"அதுல லொக் போட்டிருந்தீங்களா?"

"லொக் போட எங்க நேரம்? சரி, வைக்கிறன்."

வைத்துவிட்டார்.

"கெவின், நல்லா யோசி." றொஷேலின் கண்கள் மின்னின. "றோய் உள்ள இருக்கான். போன் வெளிய லீக்ஸ் கேக்குது. அப்ப எடுத்தது வேற ஆள்தானே?"

"எடுத்தவன் ஏன் லீக்ஸ் கேக்குறான்?"

"அவனா கேக்கல. என் பட்டன் கேக்குது."

அந்தப் பட்டனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போனைத் திறக்கவே வேண்டாம். பூட்டிய திரையிலேயே, தோசைக்கல் மாதிரி ஒரு சிவப்பு வட்டம். 'வழக்கம்போல' என்று பெயர். ஒரு தட்டுத் தட்டினால் வழக்கமாக வாங்குவது, டொக்டருக்கென்றால் ஒரு கிலோ லீக்ஸ், வந்துவிடும். முகவரிகூடக் கேட்காது. போன் எங்கே இருக்கிறதோ அங்கே பொருள் வரும். விரல் தெரியாமல் பட்டாலும் ஓடர் போகிறது என்று கெவின் மூன்று மாதமாகச் சண்டை போட்டான். றொஷேல் ஒரு மில்லிமீற்றர்கூடக் குறைக்கவில்லை.

டிங்!

"ரெண்டு கிலோ," என்றான் கெவின். "போன் நகருது. பசறை ரோட்டுல போய்க்கிட்டிருக்கு."

"லேப்டொப்பத் தூக்கு. பொலிஸுக்குப் போறோம்."

சப் இன்ஸ்பெக்டர் காமில் பொறுமையான மனிதர். முழுக் கதையையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"தங்கச்சி, லீக்ஸை வச்சி கேஸ் பேச ஏலாது."

"அந்தப் போனே கெடச்சா?"

"கெடச்சா பேசலாம்."

டிங்! டிங்!

"நாலு கிலோ," என்றான் கெவின்.

காமில் தொப்பியை எடுத்தார்.

ஜீப் பறந்தது. பின் சீட்டில் கெவின், மடியில் லேப்டொப். பக்கத்தில் றொஷேல், நகத்தைக் கடித்தபடி. கொஞ்ச தூரம் போனதும் சத்தம் நின்றுபோனது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

"என்ன, போனை ஓஃப் பண்ணிட்டானோ?" என்றார் காமில்.

"இல்ல சார். இங்கருந்து பசறை வரைக்கும் ரோடு நல்லா இருக்கு. அதான்," என்றான் கெவின்.

"ரோட்டுக்கும் லீக்ஸுக்கும் என்ன சம்பந்தம்?"

"குலுக்கினாத்தான் விரல் பட்டன்ல படும். ஆள் பஸ்லதான் போறான் சார். கையில போனைப் பிடிச்சிக்கிட்டு."

பசறை வந்தது. பாதை பிரிந்தது. நேரே போனால் லுணுகலை. திரும்பினால் மடுல்சீமை. டிரைவர் பிரேக் போட்டுவிட்டுக் காமிலைப் பார்த்தார். காமில் லேப்டொப்பைப் பார்த்தார்.

டிங்! டிங்! டிங்... டிங்! டிங்! டிங்!

அதே மூச்சில் இன்னும் நான்கு!

"மடுல்சீமை," என்றார் காமில். வரைபடத்தைப் பார்க்கவே இல்லை.

டிரைவரும் சந்தேகம் கேட்கவில்லை. அப்படிக் குலுக்குகிற ரோடு வேறெது?

தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றி ஜீப் ஏறியது. பதினேழு கிலோ. பத்தொன்பது. ஒரு பெரிய பள்ளத்தில் ஜீப் விழுந்து எழுந்தபோது கெவினின் தலை கூரையில் இடித்தது. இருபத்தொன்று.

"பஸ்ஸும் இப்பதான் இதுல விழுந்திருக்கு," என்றான் தலையைத் தடவிக்கொண்டே. "கிட்ட வந்துட்டோம்."

அடுத்த வளைவில் பஸ்ஸின் பின்புறம் தெரிந்தது. றொஷேல் கைகளைக் கோத்துக்கொண்டாள். இந்தப் பஸ்ஸுக்குள்ளே இருக்கிறான் அந்தத் திருடன். அவனைப் பிடித்தால் றோய் வெளியே வருவான். ஞாயிறு ஓலை. சனி தாலி. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ஜீப் முந்திக்கொண்டு குறுக்கே நின்றது. பஸ் கிரீச்சிட்டு நின்றது.

டிங்! டிங்!

இருபத்து மூன்று.

காமில் முன் வாசலில் ஏறினார். பின்னாலேயே றொஷேலும் கெவினும்.

மூன்றாவது சீட்டில் ஒரு பெண். இருபத்திரண்டு வயதிருக்கும். மலை ரோடு வயிற்றைப் பிரட்டியதில் கண்களை இறுக மூடியிருந்தாள். ஒரு கையில் எலுமிச்சங்காய், மூக்குக்குப் பக்கத்தில். மறு கையில் போன், யாரும் பறித்துவிடாதபடி பிடித்த பிடி. கட்டைவிரல் சிவப்பு வட்டத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

"தங்கச்சி, பேரென்ன?"

அவள் கண்ணைத் திறந்து, பொலிஸ் உடுப்பைப் பார்த்து, வெலவெலத்துப் போனாள்.

"ஷிரோமிங்க சார். பதுளையில துணிக்கடையில நிக்கிறேன். லீவுல வீட்டுக்குப் போறேன்."

"இந்தப் போன் ஏது?"

"என்னுதுதான் சார்."

காமில் அதை வாங்கி, சிவப்பு வட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினார். கெவினின் கையிலிருந்த லேப்டொப் டிங் என்றது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"களவு போன போன் இது. யார் தந்த?"

ஷிரோமியின் முகம் வெளிறியது.

"களவா? இல்லீங்க சார். திங்கக்கிழமை சாயங்காலம் எனக்கு பர்த்டேக்குக் குடுத்தாரு. இன்னிக்குத்தான் என் சிம்மையே போட்டேன்."

"யாரு?"

"என்னைக் கட்டிக்கப் போறவரு."

"பேரைச் சொல்லுங்க."

"அவரு ரொம்ப நல்லவரு சார்."

றொஷேலுக்குப் பொறுமை போய்விட்டது. "நல்லவரு பேரைச் சொல்றதுக்கு என்னம்மா? அவனால ஒரு அப்பாவி கூண்டுல கெடக்குறான்."

"றோய்," என்றாள் ஷிரோமி.



"எந்த றோய்?" றொஷேலின் குரல் எங்கிருந்தோ வந்தது. "பூனாகலை றோயா? சிரிச்சா இடது கன்னத்துல குழி விழுமே?"

"ஆமாக்கா. உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"தெரியும்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

கெவின் ஜன்னலுக்கு வெளியே தேயிலையை ஆராய்ச்சி செய்தான்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்க்கா?"

"எங்க ரெண்டு பேருக்கும் கோயில்ல ரெண்டு ஓலை வாசிச்சாச்சு."

ஷிரோமியின் கையிலிருந்து எலுமிச்சங்காய் உருண்டு டிரைவரின் காலடிக்குப் போனது.

வலித்தது. றொஷேலுக்கு நன்றாகவே வலித்தது. ஒருவனைக் காப்பாற்ற இருபது மைல் துரத்திக்கொண்டு வந்து, அவனுக்கு எதிரான சாட்சியைத் தன் கையாலேயே பிடித்துக் கொடுத்திருக்கிறாள். கண்ணீர் ஒரு கன்னத்தில் இறங்கியது. மறு கன்னத்துக்கு வருவதற்குள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

திரும்பும்போது ஜீப்பின் பின் சீட்டில் மூன்று பேர். கெவின் நடுவில் மாட்டிக்கொண்டான்.

"சனி ஞாயிறெல்லாம் கொழும்புல ட்ரெயினிங்னு சொல்லுவாரு," என்றாள் ஷிரோமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"புதன்கிழமையெல்லாம் அம்மாவுக்கு மருந்து எடுக்கப் போறேன்னு எங்கிட்ட சொல்லுவான்."

"புதன்கிழமை என்னைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போவாரு."

"டிக்கெட் யாரு எடுப்பாங்க?"

"நான்தான்."

"பெட்ரோல் நான்," என்றாள் றொஷேல்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள்... சிரித்துக்கொண்டே இருந்தார்கள். பசறை தாண்டும்போது ஷிரோமியின் 'அவரு' காணாமல் போய் 'அவன்' வந்திருந்தான். அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்கக் கெவின் நடுவில் இன்னும் ஒடுங்கிக்கொண்டான்.

ஒன்றரை மணி. பதுளை பொலிஸ்.

கம்பிக்குப் பின்னால் றோய் எழுந்து நின்றான். றொஷேலைக் கண்டதும் இடது கன்னத்தில் குழி விழுந்தது.

"வந்துட்டியா? சொன்னேன்ல சார், என் றொஷேல் என்னை விடமாட்டான்னு."

"சரியாத்தான் சொன்னீங்க," என்றார் காமில். சாவியைத் திருப்பிக் கதவை அகலத் திறந்தார். "போன் கெடச்சிட்டு. வெளிய வாங்க, கோர்ட்டுக்கு நேரமாச்சு."

றோய் ஒரு காலை வெளியே வைத்தான்.

றொஷேலுக்குப் பின்னாலிருந்து ஷிரோமி வந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. றொஷேல் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கெவினிடம் கொடுத்தாள். ஷிரோமி வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். காமிலுக்குத் திடீரென்று கூரையில் ஏதோ பார்க்க வேண்டியிருந்தது.

கன்னத்துக் குழி மறைந்தது.

றோய் வெளியே வைத்த காலை மெதுவாக உள்ளே எடுத்தான். கதவைத் தானே இழுத்துச் சாத்தினான். கம்பி வழியாகக் கையை நீட்டினான்.

"சார்... அந்தச் சாவியை எங்கிட்டயே குடுத்துருங்க. நானே உள்பக்கமா பூட்டிக்கிறேன்."