கீழறையிலிருந்து ஒரு செய்தி

வாத்தியாருக்குக் குரல் போன பிறகுதான் அந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கம், வாடகையும் கையைக் கடிக்கவில்லை. மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. கீழே ஒரு கூடம், அதையொட்டிப் பின்வாசலோடு ஒரு சமையலறை. செங்குத்தான மரப்படியில் ஏறினால் மேலே ஒரே ஒரு அறை. வீடு வெகுநாள் பூட்டிக் கிடந்திருக்க வேண்டும். வாசல் கதவைத் திறந்ததுமே, நனைத்து உலர்த்த மறந்துபோன துணியின் வாடை முகத்தில் அடித்தது. சன்னல்களைத் திறந்துவைத்தால் போய்விடும் என்றாள் மனைவி.

போகவில்லை.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கிளட்சை விடு, கண்ணாடியைப் பார், எருமை மாதிரி நடுரோட்டில் நிற்காதே என்று பக்கத்து இருக்கையிலிருந்து கத்திக் கத்தியே பிழைத்தவர். மனைவியும் ஒரு காலத்தில் அவரிடம் கார் பழக வந்தவள்தான். காகம் பறந்தால்கூட பிரேக்கை மிதிப்பாள். அவர் அவளுக்கு 'பிரேக்கு' என்று பேர் வைத்தார். கல்யாணமான பிறகும் அந்தப் பேர்தான். அதை அவர் வாயால் கூப்பிட்டுக் கேட்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

தொண்டையில் கட்டி என்று சொல்லிக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை மட்டும் மிச்சம். மூச்சு அதன் வழியாகச் சன்னமான விசில்போலப் போய்வந்தது.

அவரால் படியேற முடியாது. அவளோ துணி தைப்பவள். வெளிச்சம் வேண்டும் என்று இயந்திரத்தை மேல் அறையில் போட்டிருந்தாள். கீழேயிருந்து அவர் மணி அடித்துப் பார்த்தார், தையல் சத்தத்தில் எடுபடவில்லை. கைப்பேசியில் எழுதலாமென்றால், அந்தத் தடித்த விரல் ஓர் எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுந்தது.

அவருடைய தம்பிதான் வழி கண்டுபிடித்தான். ஒரு கணினியை வாங்கிவந்து கூடத்தில் வைத்து, அண்ணனின் கைப்பேசியோடு இணைத்துக் கொடுத்தான். கணினியில் எழுதினால் அது கைப்பேசி வழியாக அண்ணிக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். அண்ணி போடும் பதில் திரையில் பெரிய எழுத்தில் தெரியும். ஆனால் கைப்பேசி கணினிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், வெளியே எடுத்துப் போனால் தொடர்பு அறுந்துவிடும் என்று அழுத்திச் சொல்லிவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து வாத்தியார் எழுத ஆரம்பித்தார். 'தண்ணி.' 'ஃபேன் ஓடல.' 'கதவைச் சாத்து.' வாய் ஓயாமல் பேசிய மனிதரிடமிருந்து இப்படி ஒற்றை ஒற்றை வார்த்தையாக வந்தது. நேரில் முகம் கொடுத்துப் பார்ப்பதுகூடக் குறைந்துவிட்டது. சாப்பிடும்போது தட்டைத்தான் பார்ப்பார். 'பிரேக்கு' என்று ஒரு தடவையாவது எழுத மாட்டாரா என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். எழுதவில்லை.

ஒரு மத்தியானம், தைத்துக்கொண்டிருந்தவள் நூல் மாற்ற இயந்திரத்தை நிறுத்தினாள். கைப்பேசி அதிர்ந்தது.

'சத்தம் ஏன் நின்னுபோச்சு? நீ தைக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கணும்.'

அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது. இறங்கிப் போய்ப் பார்த்தாள். அவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கணினித் திரை அணைந்திருந்தது. எழுதிவிட்டு வெட்கப்பட்டுத் தூங்குவதுபோல் நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் மேலே ஏறிவந்தாள்.

அதற்குப் பிறகு அப்படிப்பட்ட செய்திகள் அடிக்கடி வந்தன. கை வலிக்கிறதா என்று கேட்டன. சாப்பிட்டாயா, நீ எப்போதும் கடைசியில்தான் சாப்பிடுகிறாய் என்று கண்டித்தன. அவளும் மனம்விட்டு எழுதினாள், புதுப்பெண் மாதிரி எழுதினாள். இத்தனை வருஷம் இதையெல்லாம் எங்கே ஒளித்துவைத்திருந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டாள்.

'சொல்றதுக்கு யாரும் இல்லாம இருந்துச்சு' என்று பதில் வந்தது.

அந்தப் பதில் கொஞ்சம் உறுத்தியது. கீழே போனால் பழைய கதைதான். தட்டு, தண்ணீர், சுவர். நேரில் சொல்லக் கூச்சப்படும் மனிதரைத் தூண்டித் துருவினால் எழுதுவதையும் நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, அவள் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

பரிசோதனைக்குப் போக வேண்டிய நாள் வந்தது. வழக்கமாக அவளும் கூடப் போவாள். அன்று அவசரமாக முடிக்க வேண்டிய துணி இருந்ததால், தம்பி மட்டும் வந்து அண்ணனைக் கூட்டிப் போனான். அவருடைய கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுவிட்டவள் அவள்தான். கார் தெரு திரும்பும்வரை வாசலில் நின்றாள். வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு மேலே வந்து உட்கார்ந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. மத்தியானமே அந்திபோல் இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டுவிட்டு இயந்திரத்தை மிதித்தாள். கூடத்தின் அந்த ஈரத்துணி வாடை அன்றைக்கு மேல் அறைவரை ஏறியிருந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. கணவரின் எண்.

'அவர் போயாச்சா?'

அவள் அதை மறுபடி படித்தாள்.

மிதித்த கால் அப்படியே நின்றது. தம்பி ஏதாவது விளையாடுகிறானா? அவனை அழைத்தாள். குரல் நடுங்காமல், அண்ணன் கைப்பேசி யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். தன் பையில்தான் இருக்கிறது, டாக்டர் அறைக்குள் போகும் முன் அணைத்துவிடச் சொன்னார்கள், அண்ணனிடம் வாங்கி அணைத்துவிட்டேன் என்றான் அவன். ஏன் அண்ணி என்று கேட்டான். ஒன்றுமில்லை, சீக்கிரம் வாருங்கள் என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

அப்போதுதான் கீழேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

டக். டக் டக். டக்.

கணினியில் யாரோ எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தம் நின்றது. அவள் கையிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது.

'அவங்ககிட்ட எதுக்குக் கேக்குற? என்கிட்டயே கேக்கலாமே.'

கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டாள். சன்னல் வழியாகக் குதித்தால் கீழே சிமெண்டுத் தரை. படியிறங்கி எந்த வாசலுக்குப் போக வேண்டுமென்றாலும் அந்தக் கூடத்தைத்தான் கடந்தாக வேண்டும். ஓசைப்படாமல் போய் அறைக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள்.

டக் டக். டக்.

'நீ இறங்கி வராத. படி வழுக்கும். நானே மேல வரேன்.'

மரப்படி முனகியது.

ஒவ்வொரு படியாக. அவசரமே இல்லாமல். ஒரு படியில் நின்று, ஆள் மூச்சு வாங்குவதுபோல் இளைப்பாறி, மறுபடி.

கதவுக்கு வெளியே வந்து நின்றது.

கதவின் அடியிடுக்கு வழியாக ஈரவாடை குப்பென்று உள்ளே வந்தது. அதோடு மூச்சும் கேட்டது. சன்னமான விசில்போல ஒரு மூச்சு. அந்த மூச்சை அவளுக்குத் தெரியும். இந்த உலகத்தில் ஒரே ஒரு கழுத்திலிருந்துதான் அது வரும்.

"ஏங்க," என்றாள், அவளுக்கே கேட்காத குரலில். "நீங்களா?"

கைப்பேசி அதிர்ந்தது. 'ஆமா. திற.'

கை அவளை அறியாமல் தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. நல்லவேளை, பாதி விலக்கிய நிலையில் நின்றாள். மெதுவாகக் கேட்டாள்.

"அப்படின்னா என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க?"

மூச்சு நின்றது. மழைகூட நின்றுவிட்டதுபோல் இருந்தது. பிறகு கைப்பேசி மெல்ல அதிர்ந்தது.

'சொல்லிக்கொடு.'

அவள் பின்னால் நகர்ந்து சுவரோடு சுவராக உட்கார்ந்துவிட்டாள். கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. சொல்லிக்கொடு. சொல்லிக்கொடு. எத்தனை தடவை வந்ததோ தெரியாது. தெருவில் காரின் ஒலிப்பான் கேட்டபோதுதான் அது ஓய்ந்தது. படி முனகவே இல்லை. வந்தது இறங்கிப் போன சத்தம் கேட்கவில்லை.

வாசல் கதவு தாழிட்டிருந்ததால் தம்பி பின்வாசல் வழியாக உள்ளே வந்து மேலே ஓடிவந்து கதவைத் தட்டினான். அவன் குரலைக் கேட்ட பிறகும் அவள் உடனே திறக்கவில்லை. அவனைப் பேசவைத்து, பேசவைத்து, பிறகுதான் திறந்தாள். கீழே கணினித் திரை அணைந்தே இருந்தது. அதில் தேடிப் பார்த்தான். தண்ணி, ஃபேன், கதவு, இவ்வளவுதான் இருந்தன. மற்ற எதுவும் அதிலிருந்து போகவுமில்லை, அதற்கு வரவுமில்லை. எல்லாம் அவளுடைய கைப்பேசியில் மட்டும் இருந்தன.

வாத்தியார் அதை வாங்கி, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் படித்தார். அது எழுதியதையும், அவள் எழுதியதையும். அவள் பக்கத்தில் குற்றவாளிபோல் நின்றாள். படித்து முடித்ததும், எழுதிக்காட்ட வைத்திருந்த சின்னப் பலகையை எடுத்தார்.

'நான் எழுதல' என்று எழுதினார். அழித்தார். 'எனக்கு நீ இப்படி எழுதினதே இல்ல' என்று எழுதினார்.

"உங்களுக்குன்னு நினைச்சுத்தான் எழுதினேன்," என்றாள் அவள். அதற்குமேல் தாங்கவில்லை, விம்மி அழுதாள்.

அவர் அவள் தலையில் கைவைத்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வைத்தார். இன்னொரு கையால் பலகையில் எழுதிக் காட்டினார்.

'பிரேக்கு, கிளம்பலாம்.'

வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினார்கள். தையல் இயந்திரத்தையும் துணிகளையும் தவிர எதையும் எடுக்கவில்லை. கணினியை அங்கேயே விட்டார்கள். அவளுடைய கைப்பேசியைத் தம்பி வாங்கி, எண்ணையே ரத்து செய்து, புதிய எண் எடுத்துக் கொடுத்தான்.

ஊரின் மறுகோடியில் ஒற்றைத்தளக் குடியிருப்பு ஒன்று கிடைத்தது. நல்ல வெயில் விழும் வீடு. ஆஸ்பத்திரியில் வாத்தியாருக்குப் பேசும் கருவி ஒன்று கொடுத்துப் பழக்கினார்கள். கழுத்தில் வைத்து அழுத்தினால் தகரத்தில் தட்டுவதுபோல் ஒரு குரல் வரும். அந்தத் தகரக் குரலில் அவர் மறுபடி அதட்டத் தொடங்கினார். தெருவில் வண்டியைக் கோணலாக நிறுத்துபவர்களெல்லாம் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அவள் சமையலறையில் நின்று சிரிப்பாள். சாப்பாடு இறங்கியது, தூக்கமும் வந்தது.

ஒருநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினார்கள். வாசலில் பக்கத்துத் தெருப் பெண் காத்திருந்தாள். மகளுக்குக் கவுன் தைக்கத் துணி கொடுத்தவள். அந்தத் துணியை வாத்தியார் மனைவி காலையில்தான் வெட்டிவைத்திருந்தாள், இன்னும் ஊசியே போடவில்லை. நாளைக்கு வாருங்கள் என்று சொன்னாள்.

அந்தப் பெண் சிரித்தாள். "நீங்கதானேக்கா மெசேஜ் போட்டீங்க?" என்று தன் கைப்பேசியை நீட்டினாள்.

செய்தி வந்திருந்தது வாத்தியார் மனைவியின் புதிய எண்ணிலிருந்து. அவர்கள் டாக்டருக்காகக் காத்துக்கொண்டிருந்த நேரம்.

'கவுன் தைச்சாச்சு. நாங்க வீட்லதான் இருக்கோம். வந்து வாங்கிக்குங்க.'

வாத்தியார் பூட்டைத் திறந்தார். இயந்திரத்தின் மேல் கவுன் இருந்தது. தைத்து, பொத்தான் வைத்து, ஒரு சுருக்கமில்லாமல் மடித்து வைத்திருந்தது. எவ்வளவு அழகாகத் தைத்திருக்கிறீர்கள் என்று சொல்லியபடி அந்தப் பெண் அதை எடுத்து வாத்தியார் மனைவியின் கையில் கொடுத்தாள்.

துணியில் இஸ்திரிச் சூடு இன்னும் ஆறவில்லை.